மாடத்து மங்கை வீடு பார்க்க வந்தாள்

பல் டாக்டர் அந்த வீட்டை வாங்கியபோது அதில் யாரும் செத்திருக்கவில்லை. விற்றவர் கொடுத்த ஒரே வாக்குறுதி கூரை ஒழுகாது என்பதுதான். அது முதல் மழைக்கே பொய்யாகிவிட்டது. இருந்தாலும் கீழே கிளினிக், மேலே குடித்தனம் என்று வைத்துக்கொள்ள அதைவிட வசதியான இடம் கிடைக்காது என்பதால் டாக்டர் மனதைத் தேற்றிக்கொண்டார். பழைய தெரு. தடித்த சுவர்கள், உயரமான உத்தரங்கள், வாசலுக்கு மேல் அரைவட்டமாக வண்ணக் கண்ணாடி, அதற்கும் மேலே தெருவைப் பார்த்தபடி நீட்டிக்கொண்டிருந்த ஒரு மர பால்கனி. வாய் பிளந்து கிடக்கும் நோயாளிக்கு அண்ணாந்து பார்க்க நல்ல கூரை வேண்டும் என்பது டாக்டரின் தொழில் சித்தாந்தம்.

பிறகுதான் தெருவில் மரபுப் பாதுகாப்புச் சங்கம் தொடங்கப்பட்டது. அதோடு தெருவில் சாவு அதிகமாகிவிட்டது.

சங்கத்தின் தலைவர் வாழ்நாள் முழுக்கக் குளியலறைச் சாமான் விற்றவர். ஊரில் இருந்த பழைய வீடுகளில் பாதியின் கல் தளத்தைப் பெயர்க்கச் சொல்லி, அந்த இடத்தில் வழுக்கும் டைல்ஸ் போட வைத்த பெருமை அவரையே சேரும். கடையை மகனிடம் ஒப்படைத்த மறுநாள் அவருக்கு ஞானம் பிறந்தது. கசாப்புக்காரர் கத்தியைக் கழுவி வைத்துவிட்டு ஜீவகாருண்யம் பேசக் கிளம்பியது போல, ‘நம் மரபு, நம் மரபு’ என்று வீடு வீடாக ஏறி இறங்கினார். தெருவில் அவருக்கு மரபு என்றே பெயர் வைத்துவிட்டார்கள். அவருடைய சொந்த வீட்டில் மட்டும் பொய்க்கூரையும் பளிங்குத் தரையும் சென்சார் வைத்த குழாயும் இருந்தன. கேட்டால், “நான் அப்ப அறியாமையில இருந்தேன்” என்பார்.

ஞாயிற்றுக்கிழமைதோறும் காலையில் அவர் ஒரு கூட்டத்தை அழைத்துக்கொண்டு தெருவில் நடப்பார். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நிறுத்தி, அங்கே வாழ்ந்தவர்களின் கதையைச் சொல்வார். முனை வீட்டில் ஒரு நீதிபதி இருந்தாராம். தப்பான ஆளைத் தூக்கில் போடச் சொல்லிவிட்டு, அதற்குப்பின் சாகும்வரை தூங்கவே இல்லையாம். அடுத்த வீட்டில் ஒரு பாடகர், பாடிக்கொண்டே உயிரை விட்டாராம். வெறும் காய்ச்சலிலோ மூப்பிலோ இறந்தவர் ஒருவர்கூட அந்தத் தெருவில் இல்லை.

பல் டாக்டர் வீட்டுக்கு வாய்த்தவள்தான் மாடத்து மங்கை.

“இந்த மாளிகையில ஒரு பெரிய பிரபு இருந்தார்,” என்று மரபு பால்கனியைச் சுட்டிக்காட்டித் தொடங்குவார். “அவருக்கு ஒரே மகள். இந்த மாடத்தைச் செதுக்க வந்த தச்சன் மேல அவளுக்குக் காதல். அப்பன் அவளை மாடியில பூட்டி வச்சான். ஒருநாள் பட்டப்பகல்ல, அவன் செதுக்கின இதே கைப்பிடியில ஏறி நின்னு குதிச்சா. அவ உடம்பைத் தச்சன் தன்னோட தள்ளுவண்டியில வச்சு, அழுதுகிட்டே இந்தத் தெரு வழியா தள்ளிட்டுப் போனான். அதுக்கப்புறம் ரெண்டு பேரையும் யாரும் பார்க்கல.”

இந்த இடத்தில் கூட்டத்தில் யாராவது மூக்கை உறிஞ்சுவார்கள். மாடியில் டாக்டர் காலை உணவைப் பாதியில் நிறுத்திவிட்டு, பல்லைக் கடிப்பார். பல்லைக் கடிக்கக் கூடாது என்று ஊருக்கே உபதேசம் செய்கிறவர் அவர்.

கதையால் அவருக்கு வந்த தொல்லை காதுக்கு மட்டுமல்ல. அந்த பால்கனி உளுத்துப்போயிருந்தது. தாங்கு கட்டைகளில் ஒன்று விரிசல் விட்டு, கீழே போகிறவர் தலைமேல் அவ்வப்போது மரத்தூளைக் கொட்டியது. ஒருமுறை தூளோடு நிற்காமல் ஒரு துண்டே விழுந்தது. பல்லைப் பிடுங்க வந்த நோயாளி தலையைப் பிடித்துக்கொண்டு திரும்பிப் போனார். பழுது பார்க்கலாம் என்றால் நகராட்சி, சங்கத்தைக் கேட்கச் சொன்னது. மரபு நெஞ்சில் கை வைத்துக்கொண்டார்.

“அந்தக் கைப்பிடி மேல அவ கை பட்டிருக்கு டாக்டர்.”

“நம்ம கை பட்டா கையோட வந்துடும் சார்.”

“அதான் அழகு. பழைமைன்னா அப்படித்தான் இருக்கும்.”

டாக்டருக்கு வீட்டுக்குள்ளேயும் துணை இல்லை. அவர் மனைவியும் முதலில் சிரித்தவள்தான். ஒருநாள் அவளுடைய அக்கா வந்தாள். புதிதாகக் குடிபோன அடுக்குமாடியில் நீச்சல் குளம் இருப்பதையும், அது மொட்டைமாடியிலேயே இருப்பதையும், அதில் நீந்த வேண்டிய அவசியம்கூட இல்லை, பார்த்தாலே போதும் என்பதையும் அக்கா விளக்கினாள். தங்கை பொறுமையாகக் கேட்டுவிட்டு, “எங்க வீட்ல ஒரு பொண்ணு காதலுக்காக உயிரை விட்டிருக்கா அக்கா. உங்க ஃப்ளாட்ல?” என்றாள். அக்காவின் வாய் அடைத்துப் போயிற்று. அன்றிலிருந்து டாக்டரின் மனைவி மாடத்து மங்கையின் பரம விசுவாசி.

இப்படி இருக்கையில்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை மரபுவின் கூட்டத்தில் ஒரு வயதான அம்மாள் வந்து நின்றாள். வெள்ளைவெளேர் என்ற தலைமுடி, தோளில் பெரிய கைப்பை, நடையில் லேசான சாய்வு. மற்றவர்கள் பால்கனியைப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்க, இந்த அம்மாள் மட்டும் மரபுவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். டாக்டர் ஜன்னலிலிருந்து கவனித்தார். கதை முடிந்ததும் அம்மாள் கை தூக்கினாள்.

“குதிச்சப்ப எந்தக் கால் முதல்ல கீழ பட்டுச்சு?”

மரபுவை இதுவரை யாரும் இப்படிக் கேட்டதில்லை. ஆனாலும் அவர் அசரவில்லை.

“கால் இல்லம்மா. தலை. தலைதான் முதல்ல.”

“அப்படியா? ஆள் காலியா?”

“அந்த இடத்துலயே.”

அம்மாளுக்குச் சிரிப்பு வந்தது. முதலில் தோள் குலுங்கியது, பிறகு கைப்பை குலுங்கியது, கடைசியில் அவள் வாய்விட்டுச் சிரித்த சிரிப்பில் மேல்வரிசைப் பல் செட் தெறித்து விழுந்து வாசல் கல்லில் இரண்டாக உடைந்தது. டாக்டர் படியில் தடதடவென்று இறங்கி ஓடினார். கதையில் விழுந்தவளுக்கு அவரால் ஒன்றும் செய்ய முடியாது. இது அவர் இலாகா.

கிளினிக்கில் உட்காரவைத்து, உடைந்த துண்டுகளைச் சேர்த்துப் பார்த்தார். ஒட்டிவிடலாம்.

“கொஞ்ச நேரம் ஆகும்மா. எதுக்கு அப்படிச் சிரிச்சீங்க?”

“என் சாவைப் பத்தி இவ்வளவு நல்லா யாரும் சொன்னதில்ல தம்பி,” என்றாள் அம்மாள், பல்லில்லாத வாயைக் கையால் மறைத்துக்கொண்டு.

டாக்டரின் கையிலிருந்த பசை கீழே சொட்டியது.

“நான்தான் குதிச்சது. இந்த பால்கனியிலேர்ந்துதான். தச்சரும் உண்மை, தள்ளுவண்டியும் உண்மை. மத்தது பூரா அந்த ஆளோட கைவேலை.”

டாக்டர் உள்ளே திரும்பி மனைவியைக் கூப்பிட்டார். ஒரு செத்தவள் சாட்சி சொல்லும்போது வீட்டில் இன்னொருவர் உடனிருப்பது நல்லது என்று பட்டது. மனைவி ஈரக்கையோடு வந்து நின்றாள். அம்மாள் இருவருக்கும் சொன்னாள்.

பிரபுவாவது, மாளிகையாவது. அது ஒண்டுக்குடித்தன வீடு. ஐந்து குடும்பங்கள், ஒரு குளியலறை. காலையில் அதன் வாசலில் நிற்கும் வரிசையில்தான் அந்த வீட்டின் மொத்தச் சரித்திரமும் நடந்தது. சண்டை, சமாதானம், கல்யாணப் பேச்சு எல்லாம் அங்கேதான். டாக்டரின் கிளினிக் இருந்த அறையில் ஒரு தையற்காரர் குடும்பம். மாடியில் முன்னறையைப் பலகை வைத்துத் தடுத்து ஒரு பக்கம் இவர்கள், மறுபக்கம் வேறொருவர். இவளுடைய அப்பா அச்சகத்தில் பிழை திருத்துபவர். வீட்டுச் சொந்தக்காரர் பின்கட்டில் இருந்தார். மத்தியானத் தூக்கம் அவருக்கு உயிர். கதவுச் சத்தத்தில் விழிப்பு வந்துவிடும் என்று சாப்பிட்டதும் தெருக்கதவைப் பூட்டி, சாவியைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு படுத்துவிடுவார். அவர் எழுந்திருக்கும்வரை உள்ளே இருப்பவர் உள்ளே, வெளியே இருப்பவர் வெளியே.

“அன்னிக்கு எனக்கு டெலிபோன் எக்ஸ்சேஞ்சில இண்டர்வியூ. மூணு மணிக்கு வரச் சொல்லியிருந்தாங்க. வீட்டுக்காரர் கதவைத் தட்டோ தட்டுன்னு தட்டினேன். குறட்டைதான் பதில் சொல்லுச்சு. சரின்னு பால்கனிக் கைப்பிடியைத் தாண்டித் தொங்கினேன். கீழ மெத்துன்னு மணல் இருக்கும்னு நினைச்சேன். தச்சரோட உளிப்பெட்டி இருந்துச்சு. கணுக்கால் போச்சு.”

“ஐயோ! தச்சர் ஓடி வந்து தூக்கினாரா?” டாக்டரின் மனைவி இன்னும் நம்பிக்கை இழக்கவில்லை.

“ஓடித்தான் வந்தார். பெட்டியைத் தூக்கிப் பார்த்தார். உளி முனை மழுங்கிடுச்சேன்னு ஒரே கூச்சல். நான் அழுததைப் பார்த்துட்டு, பலகை ஏத்தற தள்ளுவண்டியில என்னைப் படுக்கப் போட்டு எக்ஸ்சேஞ்சுக்குத் தள்ளிட்டுப் போனார். வழி பூரா திட்டு. அவருக்கு ஆறு பிள்ளைங்கம்மா. அவர் அழுதது உளிக்காகத்தான்.”

மனைவி பக்கத்திலிருந்த ஸ்டூலில் மெல்ல உட்கார்ந்தாள்.

“வேலை கிடைச்சுதா?” என்றார் டாக்டர்.

“அதிகாரி கேட்டார், ‘நாள் பூரா உக்காந்தே இருக்கணும், முடியுமா?’ன்னு. ‘இப்போதைக்கு அது ஒண்ணுதான் முடியும் சார்’னேன். அப்பவே எடுத்துக்கிட்டார். அடுத்த மாசமே குவார்ட்டர்ஸ் கொடுத்தாங்க, குடும்பத்தோட போயிட்டோம். ரிட்டயர் ஆகற வரைக்கும் ஊரார் காதலுக்கெல்லாம் நான்தான் லைன் கொடுத்தேன். என் லைன் மட்டும் எப்பவும் என்கேஜ்டாவே இருந்துச்சு, அதனால கல்யாணம்னு ஒண்ணு நடக்கல. குறையும் இல்ல.”

ஒருத்தி குதித்தாள், வண்டியில் கிடந்தாள், பிறகு தெருவில் தென்படவில்லை. மிச்சத்தை ஊர் இட்டு நிரப்பிக்கொண்டது. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா?

டாக்டருக்கோ பழம் நழுவிப் பாலில் விழுந்தது போலிருந்தது. செத்தவள் பிழைத்து வந்துவிட்டாள் என்றால் பால்கனிக்குப் புனிதம் போயிற்று. புனிதம் போனால் பழுது பார்க்கலாம். ஒட்டிய பல் செட்டை மாட்டிவிட்ட கையோடு, “அம்மா, சாயங்காலம் சங்கக் கூட்டம் இருக்கு. நீங்க வந்து இதையே சொல்லணும்,” என்று கெஞ்சினார். அம்மாளுக்கும் ஆட்சேபணை இல்லை. தன்னைக் கொன்றவர்கள் வீட்டில் ஒரு வாய் டீ குடிக்கலாம் என்று சம்மதித்தாள்.

கூட்டம் மரபுவின் வரவேற்பறையில், பொய்க்கூரைக்குக் கீழே நடந்தது. அம்மாள் எழுந்து நின்று எல்லாவற்றையும் சொன்னாள். குளியலறை வரிசை, குறட்டை, உளிப்பெட்டி, ஒன்றையும் விடவில்லை. சொல்லி முடித்தாள். யாரோ பிஸ்கட்டைக் கடிக்கும் சத்தம் மட்டும் கேட்டது. அவரும் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

“அம்மா,” என்று மரபு மிகுந்த மரியாதையோடு ஆரம்பித்தார். “நீங்க உயிரோட இருக்கறது உங்க தனிப்பட்ட விஷயம். அதை நாங்க மதிக்கிறோம். ஆனா தெருவோட வரலாறு பொதுச்சொத்து. அதை ஒருத்தர் சௌகரியத்துக்காக மாத்த முடியாது.”

“சௌகரியமா? நான் சாகலய்யா!”

“அதைத்தான் சொல்றேன்.”

முனை வீட்டுக்காரி, அதாவது தூங்காத நீதிபதியின் வீட்டில் இப்போது குடியிருப்பவள், கவலையோடு தலையாட்டினாள். “இன்னிக்கு இவங்க பொழைச்சு வந்தா, நாளைக்கு எங்க நீதிபதி நல்லாத் தூங்கினார்னு சொல்லிக்கிட்டு எவனாவது வருவான். அப்புறம் தெருவுல என்ன மிஞ்சும்?”

“வேணும்னா இப்படி வச்சுக்கலாம்,” என்றார் பிஸ்கட்காரர். “குதிச்சது இவங்க. செத்தது வேற ஒருத்தங்க.”

இந்த யோசனை அங்கிருந்த பலருக்குப் பிடித்திருந்தது. டாக்டர் குரலை உயர்த்தினார். பால்கனி யார் தலைமேலாவது விழுந்தால் உண்மையிலேயே ஒரு சாவு நடக்கும், அதுதான் சங்கத்துக்கு வேண்டுமா என்று கேட்டார். அப்படி நடந்தால் அதையும் வரலாற்றில் சேர்த்துக்கொள்வார்கள் என்று அவர்கள் முகத்தைப் பார்த்தபோது அவருக்கே தோன்றியது. யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்பார்கள். இந்த யானைக்கு இறந்தால்தான் மதிப்பு. அம்மாள் கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். டீயைக் குடிக்கவில்லை.

வெளியே வந்ததும் டாக்டர் அவளோடு நடந்தார். அம்மாள் கிளினிக் வாசலில் நின்று, “ஒரு தடவை மேல போய்ப் பார்க்கலாமா தம்பி?” என்றாள்.

அவளைக் கூட்டிக்கொண்டு மாடியேறினார். நடுவில் தேய்ந்து குழிந்திருந்த படிகளில் அவள் கால் தயங்கவே இல்லை. முன்னறைத் தரையில் குறுக்கே நேர்கோட்டில் ஆணி ஓட்டைகள் இருந்தன. அது பிரபுவின் நடன அரங்கின் எல்லை என்று சங்கம் தீர்ப்புச் சொல்லியிருந்தது. அம்மாள் கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்று, “இதுவரைக்கும் நாங்க. அந்தப் பக்கம் ஒரு பஸ் கண்டக்டர். தூக்கத்துலயும் ‘ஏறு, ஏறு, உள்ள தள்ளு’ம்பார்,” என்றாள். பிறகு பால்கனிக் கதவைத் திறந்தாள். டாக்டர் பதறிப்போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

பால்கனிக்கு மேலே இருந்த மரக்கூரை கன்னங்கரேலென்று மின்னியது. அந்தக் காலத்து அபூர்வ மெருகு, துடைக்கவே கூடாது என்று மரபு எச்சரித்திருந்தார். அம்மாள் அண்ணாந்து பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

“இது எங்க அம்மாவோட அடுப்புப் புகை,” என்றாள். “உள்ள ஜன்னல் கிடையாது. அதனால சமையல் இங்கதான். மழையில குடை பிடிச்சுக்கிட்டே கிளறுவாங்க.”

அந்த மெருகை டாக்டர் மூன்று தடவை கழுவப் பார்த்து, மரபுவிடம் வசவு வாங்கியிருக்கிறார். முதல்முறையாக, கழுவாமல் விட்டது நல்லதாயிற்று என்று நினைத்தார்.

“அன்னிக்கு நான் குதிக்கப் பயந்தேன் தம்பி. அந்த ஆள் சொல்ற மாதிரி ஏறி நின்னு பறக்கல. கைப்பிடியைப் பிடிச்சுக்கிட்டு அழுதேன். அம்மாதான் அடுப்பை அணைச்சுட்டு வந்து, ‘நான் இந்த ரெண்டடியிலயே காலத்தை ஓட்டிட்டேன், நீயும் ஓட்டப் போறியா? எறங்கு’ன்னாங்க. என் மணிக்கட்டைப் பிடிச்சு, எவ்வளவு தூரம் குனிய முடியுமோ அவ்வளவு தூரம் குனிஞ்சு தொங்க விட்டாங்க. அப்புறம் விட்டாங்க. பின்னாடியே கைப்பையைத் தூக்கிப் போட்டாங்க.” அவள் கைப்பிடியைத் தடவினாள். “என்னைக் கொன்னதைப் பத்தி எனக்கு ஒண்ணுமில்ல. அப்பாவை வில்லனாக்கிட்டாங்க. அவர் பாவம், அந்நேரம் ஆபீஸ்ல யாரோ விட்ட கமாவைத் தேடிக்கிட்டு இருந்தார். அதுகூடப் போகட்டும். அந்தக் கதையில எங்க அம்மா எங்க?”

கதவருகே நின்று கேட்டுக்கொண்டிருந்த டாக்டரின் மனைவி முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். அக்காவின் நீச்சல் குளத்தை அவள் அந்த நேரம் நினைக்கவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். “அடுத்த ஞாயித்துக்கிழமை கண்டிப்பா வாங்கம்மா,” என்றாள். “பல் செட்டைச் சரி பார்க்கணும்ல.” சரியாகத்தான் இருக்கிறது என்று சொல்ல வாய் திறந்த கணவரை ஒரு பார்வை பார்த்தாள். அவர் மூடிக்கொண்டார்.

மறு ஞாயிறு அம்மாள் வந்தாள். மரபுவின் கூட்டம் வாசலில் வந்து நின்றபோது பெண்கள் இருவரும் மாடியில் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். கீழே குரல் கேட்டது. “இந்த மாளிகையில ஒரு பெரிய பிரபு இருந்தார்...”

அம்மாள் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்தாள். யாரும் தடுப்பதற்குள் பால்கனியில் போய் நின்றுவிட்டாள். பலகை முனகியது. டாக்டரின் மனைவி பின்னாலிருந்து அவள் இடுப்பைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

“பிரபுவும் இல்ல, வெங்காயமும் இல்ல!” டெலிபோனில் தொலைதூரத்து ஊர்களைக் கூப்பிட்டுப் பழகிய குரல் தெருமுனைவரை போயிற்று. “குதிச்சவ நான்தான்! இன்னும் சாகல! எங்க அம்மாதான் கையைப் பிடிச்சு இறக்கி விட்டாங்க! வேலைக்குப் போகணும்னு குதிச்சேன்யா, எவனுக்காகவும் இல்ல!”

கீழே ஒரு கணம் எல்லோரும் வாயைப் பிளந்து நின்றார்கள். டாக்டருக்கு அவ்வளவு வாய்களையும் ஒரே நேரத்தில் பார்ப்பது தொழில்ரீதியாக மனநிறைவாக இருந்தது. பிறகு யாரோ கைதட்டினார். இன்னொருவர் தட்டினார். தெருவே தட்டியது. ஒரு பெண்மணி, “நடிப்பு பிரமாதம்! கண்ணுல தண்ணி வந்துடுச்சு!” என்று மரபுவின் கையைப் பிடித்துக் குலுக்கினாள். “இது போன தடவை இல்லையே சார்? புதுசா சேர்த்தீங்களா?”

மரபுவின் முகம் வெளுத்து, சிவந்து, கடைசியில் ஒளிர்ந்தது. வியாபாரி வியாபாரிதான். கூட்டத்தைப் பாடகர் வீட்டு வாசலில் நிற்கச் சொல்லிவிட்டு மூச்சிரைக்க மாடியேறி வந்தார்.

“அம்மா, வாராவாரம் வர முடியுமா?”

“நான் செத்துப் போயிட்டேனே?”

“அதெல்லாம் பேசித் தீர்த்துக்கலாம்மா.”

அம்மாள் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தாள். “வரேன். ஆனா இந்த பால்கனி ஆடுது. இதை நல்லாப் பழுது பார்த்தாத்தான் ஏறுவேன். நிஜமாவே விழுந்து உங்க கதையைக் காப்பாத்த எனக்கு இஷ்டமில்ல.”

“பார்த்துடலாம்.”

“கதையில எங்க அம்மா வரணும். அப்பா வில்லன் கிடையாது.”

“சரிம்மா. அந்தத் தச்சன் மட்டும் காதலனா இருந்துட்டுப் போகட்டுமே? ஜனங்க எதிர்பார்ப்பாங்க.”

அம்மாள் யோசித்தாள். “ஒருதலைக் காதல்னு வச்சுக்கோங்க. உளி மேல.”

டாக்டர் வருடக்கணக்கில் நடையாய் நடந்தும் கிடைக்காத அனுமதி அந்த வாரமே கிடைத்தது. உயிரோடிருப்பவர்கள் தலைமேல் விழுகிறது என்றபோது அசையாத சங்கம், செத்தவள் ஏறி நிற்க வேண்டும் என்றதும் ஆளும் மரமும் தானே அனுப்பியது. புதிய தாங்கு கட்டைகள் வந்தன, கைப்பிடி உறுதியாயிற்று. கூரையின் கரியில் மட்டும் யாரும் கை வைக்கக் கூடாது என்று டாக்டரே நின்று பார்த்துக்கொண்டார். தச்சர் வேலையை முடித்துவிட்டு, “நல்ல மரம் சார், இன்னும் நூறு பேர் குதிக்கலாம்,” என்று சான்றிதழ் வழங்கிவிட்டுப் போனார்.

அதன்பின் ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மாள் வந்து நின்று பேசினாள். குளியலறை வரிசைதான் ஜனங்களுக்கு மிகவும் பிடித்தது. காதலுக்கு அழுதவர்களைவிடக் குறட்டைக்குச் சிரித்தவர்கள் அதிகம். முடிந்ததும் டாக்டர் வீட்டிலேயே சாப்பிடுவாள். டாக்டரின் மனைவியின் அக்காவும் ஒருநாள் வந்து உட்கார்ந்து கேட்டுவிட்டு, தன் அடுக்குமாடியில் இதுபோல் யாராவது கிடைப்பார்களா என்று விசாரித்துவிட்டுப் போனாள்.

ஒரு ஞாயிறு நல்ல மழை. கூட்டம் வரவில்லை. மரபு மட்டும் குடையோடு வந்து கிளினிக்கில் உட்கார்ந்தார். எதையோ கேட்க நினைத்துத் தொண்டையைக் கனைத்துக்கொண்டே இருந்தார். கடைசியில் கேட்டார்.

“அம்மா, உங்க காலத்துல எங்க வீடு யாரோடது? படைத்தளபதி ஒருத்தர் இருந்ததா நான் சொல்லிட்டிருக்கேன். நிஜத்துல?”

அம்மாள் டாக்டரைப் பார்த்தாள். டாக்டர் கூரையைப் பார்த்தார்.

“உங்க வீடு எதிர்ச்சாரியில, பச்சைக் கதவு வச்சதுதானே? அது சவப்பெட்டி செய்யற பட்டறைங்க. முன்கட்டுல அறுப்பாங்க, உள்கட்டுல வார்னிஷ் அடிச்சுக் காயப் போடுவாங்க. நாங்கள்லாம் அந்தப் பக்கம் ஓடித்தான் போவோம்.”

உள்கட்டுதான் மரபுவின் படுக்கையறை. அவர் குடையை விரித்துக்கொண்டு போனார். டாக்டருக்கு முதலில் சிரிப்பு வந்தது. மனிதர் தலை குனிந்து தண்ணீரில் நடந்துபோவதைப் பார்த்ததும் கொஞ்சம் பாவமாகவும் இருந்தது. பாவம் பார்க்க அவசரப்பட்டுவிட்டார்.

அடுத்த வாரம் வெயில். கூட்டம் கூடியது. மரபு தம் வீட்டு வாசலில் நின்று, கூட்டத்தை அருகில் அழைத்து, குரலைத் தாழ்த்தினார்.

“இங்கதான் அந்தத் தளபதி, போருக்குப் போறதுக்கு முன்னாடி, தனக்கான சவப்பெட்டியைத் தானே நின்னு செய்ய வச்சார்...”

யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். பால்கனியில் தன் முறைக்காகக் காத்து நின்ற அம்மாள் கைப்பிடியில் சாய்ந்து, முழுக்கதையையும் கேட்டாள்.

“பரவாயில்ல தம்பி,” என்றாள் டாக்டரிடம். “நல்லாத்தான் சொல்றார்.”